தும்பனின் பக்கம்

சருகி வாலை அவிழ்த்தாள். அதில் சுருட்டிக் கொண்டுவந்திருந்த புல் அப்பாவின் வலப்பக்கத்தில் விழுந்தது. மூக்கால் தள்ளித் தள்ளி அவர் விலாவை ஒட்டிப் பரப்பினாள். விடியும்போது மூச்சு நின்றுபோன உடம்பில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

இடப்பக்கம் வெறும் தரை. அது அண்ணன் தும்பனின் பக்கம்.

பெட்டாங்குகளுக்கு முயலளவு உடம்பு, கங்காருவின் கால்கள். சுண்ணாம்புப் பாறைக்கு அடியில், வெளியே தெரியாதபடி வளை தோண்டி வாழ்கிறவர்கள். செத்தவரைப் பிள்ளைகள் கொண்டுவரும் புல்லால் மூடி, அதன் பிறகே மண்ணைத் தள்ளி அறையை அடைப்பார்கள். ஆளுக்கு ஒரு வால் புல். ஒருவர் பங்கை இன்னொருவர் போடுவதில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்டி?" அப்பாவின் அக்கா நெட்டைச்சி அறைவாசலில் நின்றாள். வளையில் அவள்தான் மூத்தவள்.

"அண்ணன் வரட்டும் அத்தே."

"வந்து கிழிச்சான். குண்டனைக் கேளு."

குண்டன் அத்தையின் மகன். நேற்று சாயங்காலம் உப்பு ஏரியைச் சுற்றிப் போய், அக்கரையில் இருக்கும் தும்பனிடம் சொல்லிவிட்டு வந்தவன்.

"மாமாவுக்கு ரொம்ப முடியலன்னு சொன்னேன் சருகி. கிழங்கைத் தின்னுக்கிட்டே கேட்டான்."

"ஒண்ணுமே சொல்லலியா அத்தான்?"

"'பள்ளத்துல தோண்டினவன் வந்து என்ன ஆகப்போகுது'ன்னான். அவ்வளவுதான்."

இரண்டு மழைக்கு முன்னால் தும்பன் தாழ்ந்த இடத்தில் வளைக்குப் புதுவாய் ஒன்று தோண்டினான். முதல் மழையிலேயே வெள்ளம் உள்ளே வந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா எல்லோர் முன்னாலும், "மண்டைக்குள்ளயும் தண்ணி பூந்துடுச்சாடா?" என்றார். வளையே சிரித்தது. அன்று போனவன்தான்.

அத்தையின் அவசரத்துக்குக் காரணம் காற்று. வளைக்கு இரண்டு வாய்கள். ஒன்று தரையோடு தரையாக, மற்றது மண்மேட்டின் உச்சியில். மேட்டின் மேல் காற்று வீசினால், வளைக்குள் இருக்கும் காற்றை அது மேல்வாய் வழியாக இழுத்துக்கொள்ளும். கீழ்வாயில் புதுக்காற்று நுழையும். முப்பது பேர் மூச்சு முட்டாமல் தூங்குவது இதனால்தான். சாவின் வாடை வெளியே போவதும் இதே வழியில்தான். வெயில் ஏறினால் காற்று கிளம்பும், உடும்பும் கிளம்பும். வளையின் இருட்டில் உடும்புக்கு வாடைதான் பாதை.

சருகியின் மீசை மயிர் காற்றில் அசைந்தது.

"அத்தே, அவன் பங்கையும் நானே போட்டுடவா?"

"போடு. நாளைக்கு அவன் வந்து நின்னா என்ன சொல்லுவே? உனக்கு அப்பனே இல்லடான்னா?"

சருகி இடப்பக்கத்து வெறும் தரையைப் பார்த்தாள்.

"நானும் அவனைத் தூக்கி வளத்தவதான்டி," அத்தையின் குரல் இறங்கியது. "ஆனா அடுத்த அறையில பதினோரு குட்டிங்க தூங்குதுங்க."

"கொஞ்ச நேரம். கொஞ்சமே கொஞ்ச நேரம்."

காத்திருந்தார்கள். அப்பாவின் வயிற்றுச் சூடும் போய்விட்டது. மேல்வாயிலிருந்து வந்த மங்கிய வெளிச்சம் திடீரென்று பாதியானது. நிழலுக்குள் பிளவுபட்ட நாக்கு ஒன்று நீண்டு, காற்றைத் தொட்டுப் பார்த்து, உள்ளே போனது.

"உடும்பு!" என்றான் குண்டன்.

சருகி அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பின்னங்கால்களால் ஓங்கி உதைத்தாள். அவளுக்கு அருகில் அத்தையும் குண்டனும், பிறகு யார் யாரோ. புல்லின் மேல் விழுந்த மண் சரசரத்தது. இடப்பக்கத்தில், ரோமத்தின் மேல் விழுந்த மண்ணுக்குச் சத்தமே இல்லை. அவள் நிறுத்தாமல் உதைத்தாள். அறை வாசல்வரை நிறைந்ததும், அத்தை தன் முதுகால் மண்ணை அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

வழி பிரியும் இடத்தில் உடும்பின் நகங்கள் நின்றன. நாக்கு இங்கும் அங்கும் தேடியது. வாடை அறுந்துபோயிருந்தது. வெகுநேரம் கழித்து வெளிச்சம் முழுதாகத் திரும்பி வந்தது.

யாரும் சருகியைத் திட்டவில்லை.

சாயங்காலம் எல்லோரும் வெளியே வந்தார்கள். குட்டிகள் உப்புச்செடிகளைச் சுற்றித் துரத்திக்கொண்டு ஓடின.

"ஏதாவது தின்னுடி," என்றாள் அத்தை. "இங்கயே நிறைய கிழங்கு இருக்கு."

"ம்."

சருகி ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தாள். அவளுடைய காதுகள் இரண்டும் பின்னால் திரும்பியிருந்தன.