மூக்கு அக்காவின் கை

வேண்டாமென்று வீசின பொம்மைகள் மூட்டை மூட்டையாக வந்து மேசையில் கொட்டும். ஒரு பொம்மைக்கு நாலு வேலை. கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டும். வயிற்றை இரண்டு தரம் அமுக்க வேண்டும். தையலை விரித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக முகர்ந்து பார்க்க வேண்டும். இந்த நாலாவதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பேட்டரி ஊதிப்போனால் அழுகின பழம் மாதிரி இனிப்பாக ஒரு வாடை வரும். அதை அவளே கண்டுபிடித்தாள். அதனால் கொட்டகையில் அவள் பேர் மூக்கு அக்கா. தேறினது மறுபடி விற்கப் பச்சைக் கூடைக்கு, தேறாதது சிவப்புக்கு.

ஒரு கரடியை முகர்ந்துகொண்டிருந்தபோது சூப்பர்வைசர் கூப்பிட்டார். பக்கத்து மேசைக்காரியையும் கூப்பிட்டார். வாய் ஓயாததால் அவளுக்கு வாயாடி என்று பேர்.

ஆபீஸ் அறையில் பெரிய திரை வைத்திருந்தார்கள். பக்கத்தில் விளையாட்டுக்காரன், கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவன், நின்றான். இரண்டு மாதம் முன்பு மூக்கு அக்காவின் நெற்றியில் கேமராவைக் கட்டி, இரண்டு நாள் அவள் கைகளைப் படம் பிடித்தவன். "உங்க கைதான்க்கா கதாநாயகி" என்று சொல்லி ஒரு தொப்பியைக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது பேய் விளையாட்டு தயார். இருட்டுக் கொட்டகை, ஒரு மேசை, கழித்துப்போட்ட பொம்மைகள். பேய் பிடித்ததைச் சிவப்பில் போட வேண்டும், மற்றதைப் பச்சையில். தப்பாகப் போட்டாலும் தாமதித்தாலும் பேய் பாயும்.

"வெளியில சனங்க அலறி அலறி ஆடுது," என்றார் சூப்பர்வைசர். "முதலாளிக்கு ஒரு யோசனை. இனிமே ஆள் எடுக்கிறது, நிறுத்துறது எல்லாம் இதை வச்சுத்தான். உங்க ரெண்டு மேசையும் ஒண்ணாகுது. ஜெயிச்சவங்க இருக்கலாம்."

மூக்கு அக்காவின் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுத்து ஏழு மாதம். அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் இவள் ஒருத்திதான்.

வாயாடி முதலில் உட்கார்ந்தாள். "பேயாவது பிசாசாவது! தினம் சார் மூஞ்சியில முழிக்கிறோம், இது என்ன பண்ணிடும்?" கோரமான முகத்தையெல்லாம் சிவப்பில் தள்ளினாள், அழகானதைப் பச்சையில். ஐம்பதுக்கு நாற்பத்தாறு.

மூக்கு அக்கா உட்கார்ந்ததும் திரையில் ஒரு கை வந்தது. சுண்டுவிரல் கோணல், கட்டைவிரலில் பாதி நகம் இல்லை. அவள் கைதான். பொத்தானை அமுக்கினால் அது கண்ணை இழுத்தது. வயிற்றை அமுக்கினாள், தையலை விரித்தாள். பிறகு, பழக்கதோஷம், குனிந்து திரையில் மூக்கை வைத்தாள். பேய் பாய்ந்தது. அறையே சிரித்தது.

"மோந்து பார்க்க எந்தப் பொத்தான் தம்பி?"

"அதெல்லாம் இல்லக்கா. மூஞ்சியப் பாருங்க, தெரிஞ்சிடும்."

"மூஞ்சியில என்ன இருக்கு? லட்சணமா இருக்கிறதுலதான் பேட்டரி ஊதியிருக்கும்."

"இதுல பேட்டரியே கிடையாதுக்கா."

"அப்ப எதைத்தான்ப்பா சோதிக்கிறீங்க?"

"அக்கா, நேரம் ஓடுது. பேய் வருது!"

"வந்தா வரட்டும். ஓரமா நிக்கச் சொல்லு."

பத்தொன்பதில் ஆட்டம் முடிந்தது.

"சார், அது என் கை. அதைப் பார்த்துத்தானே இதையே செஞ்சாங்க?"

"கை நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் அவர். "நீதான் லேட்டு."

வாயாடி பக்கத்தில் வந்தாள். "அக்கா, நான்..." என்று இழுத்தாள்.

"போ, போய் வேலையைப் பாரு. பார்க்கிறதை மோந்து பாரு."

சூப்பர்வைசர் அவளை வேலையிலிருந்து நிறுத்துகிற காகிதத்தைத் தேடி எடுத்தார். அவர் மேசையில் தங்கமுடிப் பொம்மை ஒன்று இருந்தது. வாயாடியின் பச்சைக் கூடையிலிருந்து மகளுக்காக எடுத்துவைத்தது. மூக்கு அக்காவின் கை தானாக அதை எடுத்தது. முகர்ந்தாள்.

"சார், இது ஊதிப்போச்சு."

"கீழ வை. என் பொண்ணுக்கு."

அவள் வைக்கவில்லை. முதுகுத் தையலில் நகத்தைக் கொடுத்துக் கிழித்தாள். பேட்டரி குட்டித் தலையணை மாதிரி உப்பி, கை பொறுக்காமல் சுட்டது. வாசலோரம் இருந்த மணல் வாளியில் போட்டு மூடினாள். மணலுக்குள் அது சீறியது. விளையாட்டுக்காரன் இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தான்.

சூப்பர்வைசர் வாளியைப் பார்த்தார். பிறகு கிழிந்த பொம்மையைப் பார்த்தார். காகிதத்தின் அடியில் ஒரு வரி எழுதினார்: 'கம்பெனிப் பொருளைச் சேதப்படுத்தியது.'

"இதுக்குக் கீழேயும் ஒரு கையெழுத்துப் போடு."

கோணல் சுண்டுவிரலைக் காகிதத்தில் ஊன்றி அவள் எழுதினாள். யாரும் உட்காராத நாற்காலிக்கு எதிரே திரை தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதே கோணல் சுண்டுவிரல் ஒரு தங்கமுடிப் பொம்மையின் கண்ணை இழுத்தது, வயிற்றை இரண்டு தரம் அமுக்கியது, பச்சைக் கூடையில் போட்டது. சரி என்று விளக்கு எரிந்தது.