நாக்கில்லாத பஸ்

ஏழாம் நம்பர் பஸ் டீசலில் ஓடுவதில்லை, அந்த வட்டாரத்து வீடுகளின் மிச்சம் மீதியில் ஓடுகிறது. வீட்டுக்கு ஒரு பச்சை வாளி. பழத்தோல், காய்ந்த ரொட்டி, பிள்ளைகள் ஒளித்துவைத்த கீரை எல்லாம் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் விழுந்து, மூன்று வாரம் ஊறி, வாயுவாகி பஸ்ஸின் வயிற்றில் ஏறும். ஜன்னலோரம் கண்ணயர்ந்தால் முன்பின் தெரியாதவர் வீட்டுச் சாப்பாடு கனவில் வரும். இறங்கும்போது ஏப்பமும் வரும். யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

இப்படிப்பட்ட பஸ்ஸை ஓட்டுகிற டிரைவர், மனைவியின் அக்காவை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, தட்டைத் தள்ளி, "இதை பஸ்ஸுக்குப் போடு. அதுக்குத்தான் நாக்கு கிடையாது" என்று சொல்லியிருக்க வேண்டாம். அக்கா சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. தட்டை வாளியில் கவிழ்த்தாள், பெட்டியை எடுத்தாள், மேட்டுத்தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் ஓடிவிட்டது. போய்க் கூப்பிட டிரைவருக்கு ஆசைதான். ஆனால் வாயைத் திறந்தால் கிண்டல்தான் வருகிறது. இன்னொரு கிண்டல் வந்தால் அவள் வரவே மாட்டாள்.

"போய்க் கால்ல விழுங்கண்ணே" என்பாள் பஸ்ஸின் கண்டக்டர்.

"விழுந்தா யாரும்மா தூக்குறது? முட்டி வலி."

அன்று காலை வாயு நிரப்பும்போது தொட்டிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பெரிய தொட்டியக் கழுவின வாரம் உங்க வாளிய மட்டும் சின்னத் தொட்டியில தனியாப் போட்டேன். இன்னிக்கு உங்களுக்கு அதான் சாப்பாடு."

"என் வாளி ஒண்ணு எப்படிய்யா பத்தும்?"

"தனியாளு வாளி மாதிரியா கனத்துச்சு? இடுப்பே போச்சு!"

டிரைவர் வண்டியில் ஏறினார்.

பஸ் ஒரு பெருமூச்சு விட்டுக் கிளம்பியது. மார்க்கெட் முனையில் ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்ப மறுத்தது. சக்கரங்கள் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பின. பனிக்குள் நீந்துவது போல பஸ் மேட்டுத்தெருவில் ஏறியது. பயணிகள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கனவு: ஒரு மேசை, இரண்டு தட்டு, ஒரு ஆள்.

"அண்ணே, மார்க்கெட் இந்தப் பக்கமில்ல!"

"எனக்குத் தெரியும். அதுக்குச் சொல்லு."

தூங்கிக்கொண்டிருந்த பயணிகளில் ஒருவரான தையல்காரர் கண்ணைத் திறக்காமலே, "விடும்மா, இன்னும் சாப்பிட்டு முடிக்கல" என்றார்.

அக்கா வீட்டு வாசலில் பஸ் தும்மி நின்றது. மனைவி ஈரக் கையோடு வெளியே வந்தாள். டிரைவரைப் பார்க்காமல் நேரே பின்பக்கம் போய்ப் புகைக்குழாயை முகர்ந்தாள். டிரைவர் இறங்கிப் பின்னாலேயே போனார்.

"வெங்காயம் கருகியிருக்கு."

"ஆமா."

"உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கு."

"மூணு."

மறுபடி முகர்ந்தாள். இந்தத் தடவை நேரம் எடுத்துக்கொண்டாள்.

"விருந்தாளி யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு ரெண்டு பேருக்குச் சமைச்சீங்க?"

டிரைவருக்கு ஒரு கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"கைக்கு அந்த அளவுதான் தெரியுது. தினமும் உன் தட்டையும் வைப்பேன். ஆறினப்புறம் வாளில கொட்டுவேன்."

ஜன்னலிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, பொண்டாட்டியக் கூப்பிட ஊரையே ஏத்திக்கிட்டு வந்திருக்காரா?"

மனைவி உள்ளே போனாள். டிரைவர் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பெட்டியோடு வந்தாள்.

"உங்களுக்காக ஒண்ணும் ஏறல. இத்தன பேரு வேலைக்குப் போகணும்."

டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தாள். "பஸ்ஸுக்கு நாக்கு கிடையாதுன்னீங்களே?"

"தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் டிரைவர். அதை பஸ்ஸிடம் சொன்னாரா அவளிடம் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை.

இப்போது ஸ்டியரிங் வெண்ணெய் போலத் திரும்பியது. இறக்கம் முழுக்க பஸ் அதே ஒரு சாண் உயரத்தில் மிதந்து வந்தது. மார்க்கெட்டில் தையல்காரர் விழித்து, நிறைவாக ஏப்பம் விட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.