தலைவர் மட்டுமே பேசலாம்

ஜூலைக் குளிரில் வெந்நீர்க் கொதிகலன் படுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் வொலங்காங் கடற்கரைச் சாலையில் இருந்த அந்தச் செங்கல் குடியிருப்பே பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது. அல்லது குளிக்காமல் இருந்தது. மாலைக் கூட்டத்துக்குள் வெந்நீர் வராவிட்டால் தலைவர் கிளைட் ஹேவர்ஃபோர்டைப் பதவியிலிருந்து இறக்கிவிடுவதென்று வீட்டுக்காரர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்.

கிளைடுக்கு அந்தப் பதவிதான் உயிர். பராமரிப்பு நிறுவனத்தை விரட்டிவிட்டு, நம் கட்டடத்தை நாமே நடத்துவோம் என்று முழங்கியவரே அவர்தான். பெயின்டரிடம் ஆளுக்கு ஒன்று சொல்லப்போய் மாடிப்படிக் கைப்பிடி மூன்று நிறத்தில் வந்து நின்றது. அன்றே விதி போட்டார்: வேலைக்கு வருகிறவர்களிடம் தலைவர் மட்டுமே பேசலாம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். தனக்கென்று ஒளிரும் ஆரஞ்சு மேற்சட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டார். விதியை மீறியதற்காகச் செயலாளர் ஐரினியைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கண்டித்ததும் உண்டு. அவள் செய்த குற்றம், தோட்டக்காரருக்கு ‘குட்மார்னிங்’ சொன்னது.

பிளம்பர் பிரெண்டன், காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் எப்போதாவது வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். கிளைட் விடிந்ததிலிருந்தே வாசலில் உலாத்தினார். வேன் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார், ரொட்டி வண்டி. மறுபடி உலாத்தினார். குடித்த காபி வேறு அவசரப்படுத்தியது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் மாடிக்கு ஓடினார்.

இறங்கி வந்தபோது தபால்பெட்டி அருகே ஐரினி நின்றிருந்தாள்.

“பிளம்பர் வந்துட்டுப் போயிட்டான், கிளைட்.”

“போயிட்டானா? ஏன்?”

“கொதிகலன் ரூம் சாவி எங்கன்னு கேட்டான். நான் வாயைத் திறக்கலையே.”

“சாவி உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கே!”

“சாவி இருக்கு. பேசத்தான் அனுமதி இல்ல. உங்க விதியைக் கையால காட்டினேன். படிச்சுட்டுச் சிரிச்சான். உங்களுக்குப் போன் போட்டான், அது மதில் மேலயே கிடந்து அடிச்சுது. ‘இது என்ன ஊமைங்க ஆஸ்பத்திரியா’ன்னான். அதுக்கும் நான் பதில் சொல்லல.”

கிளைட் பதறிப்போய் பிரெண்டனை அழைத்தார்.

“அடுத்த வேலைக்கு வந்துட்டேன், தலைவரே. வெள்ளிக்கிழமை பார்ப்போம்.”

“நான் ஒரே ஒரு நிமிஷம் மேல...”

“ஒரு நிமிஷம் ஆட்சியை யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கலாமே!”

மாலையில் சலவை அறையில் கூட்டம். எல்லோரும் கம்பளித் தொப்பியோடு வந்திருந்தார்கள். தலைவரை நீக்கும் தீர்மானத்தை ஐரினி படித்தாள். அத்தனை கைகளும் உயர்ந்தன. கிளைட் மேற்சட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

“சரி, அடுத்த தலைவர் யாரு?” என்றாள் ஐரினி.

ஒரு கை காதைச் சொறிவதுபோல் இறங்கியது. இன்னொன்று தொப்பியைச் சரிசெய்தது. ஒருவருக்கு அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

“நீயே இரேன், ஐரினி” என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“ஐயோ, எனக்கு முட்டி வலி.”

முட்டிக்கும் பதவிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர் தலையில் விழுந்துவிடும். ஐரினி கைகளை எண்ணப் பார்த்தாள். தூக்கியிருந்தது ஒன்றுகூட இல்லை.

“தீர்மானம் தோத்துப்போச்சு. நீங்களே இருங்க, கிளைட்.”

கிளைட் நன்றி சொல்ல எழுந்தார். எதிரே இருந்த முகங்களில் அன்பு இல்லை, கோபமும் இல்லை. தப்பித்த நிம்மதி மட்டும் இருந்தது. யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்று தூக்கம் கெட்டுக் காத்த நாற்காலி, தெருவோரம் ‘இலவசம்’ என்று எழுதி வைத்தாலும் எடுக்க ஆளில்லாதது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாதி கழற்றிய மேற்சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, அதிலேயே உட்கார்ந்தார்.