கம்பளித் திமிங்கலத்தின் வரிசையில்

நோபுயுகியின் வாயில் கொழுக்கட்டை இருந்தது இன்று நேற்றல்ல. விவாகரத்தின்போது மத்தியஸ்தர்கள், "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டதற்கும் "ஒண்ணும் இல்லைங்க" என்று தலைகுனிந்து வணங்கியவன்தான். மகள் கொயோமி தாயோடு போனாள். தொடக்கப்பள்ளி முடியும்வரை மாதம் ஒரு ஞாயிறு அப்பாவைப் பார்க்கலாம், அதற்கு மேல் பிள்ளையின் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தப் பிள்ளையின் விருப்பம்தான் கொஞ்ச காலமாக அவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் கொயோமிக்குப் பன்னிரண்டு முடிந்தது. வரும் மார்ச்சில் ஆறாம் வகுப்பும், அதோடு தொடக்கப்பள்ளியும் முடிந்துவிடும். அப்புறம் வருவாளா, மாட்டாளா? இன்றைக்குக் கேட்டே விடுவது என்று உறுதி எடுத்துக்கொண்டுதான் அனிமேஷன் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தான். முந்தின மாதமே முன்பதிவு தொடங்கிய நிமிடத்தில் ஆபீஸ் கழிப்பறையில் ஒளிந்து நின்று போனைத் தட்டித் தட்டி வாங்கிய டிக்கெட்.

உள்ளே அம்புக்குறி கிடையாது, வரைபடம் கிடையாது. இஷ்டம்போல் தொலைந்து போக வேண்டியதுதான். கொயோமி சுழல் படிக்கட்டில் ஏறிப்போய், பூனை நுழையும் அளவுக் கதவு வழியாகக் குனிந்து வந்தாள். அவனும் பின்னாலேயே நுழைந்து தலையை இடித்துக்கொண்டான்.

இருட்டறையில் ஒரு பெரிய சக்கரத்தில் நூற்றுக்கணக்கான பொம்மைகள். சக்கரம் சுற்றி விளக்கு விட்டுவிட்டு மின்னியதும், பொம்மைகள் ஓடின, தவளைகள் குதித்தன. இதுதான் நேரம் என்று நோபுயுகி தொண்டையைச் செருமினான்.

"கொயோமி... அடுத்த மார்ச்..."

"என்னப்பா?"

"மார்ச்சுல... குளிர் குறைஞ்சிடும்ல?"

"எல்லா வருஷமும் குறையுதே" என்றாள் அவள். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாடியில் கம்பளித் திமிங்கலம் படுத்திருந்தது. ஓர் அறையையே அடைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் நீல ரோமம். குழந்தைகள் அதன் வாய் வழியே நுழைந்து, முதுகில் புரண்டு, வால் வழியே வழுக்கி விழுந்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலகை சொன்னது.

"ஏறும்மா. இந்த வருஷத்தை விட்டா அப்புறம் விடமாட்டாங்க."

"வேணாம்ப்பா. சின்னப் பசங்க விளையாடுறது."

"எனக்காக ஒரு தடவை" என்றான். அவன் எதையும் இப்படிக் கேட்டதில்லை. கொயோமி போய் வரிசையில் நின்றாள். முன்னும் பின்னும் இருந்த பொடிசுகள் அவள் தோளுக்குக்கூட வரவில்லை.

வாசலில் நின்ற பணிப்பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள். "எந்த வகுப்பும்மா?"

கொயோமி பின்னால் நின்ற வாண்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "மிடில் ஸ்கூல், முதல் வருஷம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டு வரிசையை விட்டு விலகினாள்.

நோபுயுகி அசட்டுச் சிரிப்போடு வந்தான். "ஏம்மா பொய் சொல்ற? ஏறப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லேன். நீ ஆறாவதுதானே?"

"இல்லப்பா. நான் ஏப்ரல் ஒண்ணாம் தேதி பொறந்தவ."

"அதான் தெரியுமே. ஸ்கூல் வருஷம் தொடங்குற அன்னிக்கே பொறந்தவ, வகுப்புக்கே மூத்தவ."

"வகுப்புக்கே கடைக்குட்டி. ரெண்டாம் தேதி பொறந்தாதான் அடுத்த வருஷப் பசங்களோட. ஒண்ணாம் தேதின்னா முந்தின வருஷத்தோட சேத்துடுவாங்க."

ஊரில் பாதிப் பேர் தடுக்கி விழும் கணக்கு இது. ஆனால் பெற்ற மகள் விஷயத்தில் விழலாமா? அம்மா வீட்டுச் சமாச்சாரம், பள்ளிச் சமாச்சாரம் எதையும் கிளறக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டே இருந்ததில் வந்த வினை.

"ஏம்மா சொல்லல?"

"நான் நாலாவது படிக்கறப்ப மூணாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வாங்கிட்டு வந்தீங்க. அவ்ளோ ஆசையா குடுத்தீங்க. எப்படிச் சொல்றது? அன்னிக்கு விட்டது, அப்புறம் சொல்லவே முடியல."

நோபுயுகிக்குச் சட்டென்று உறைத்தது. அப்படியானால் தொடக்கப்பள்ளி போன மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அந்தக் காகிதத்தின் கெடுவும் முடிந்துவிட்டது. ஏப்ரலில் மீன்காட்சிச் சாலை, ஜூனில் கொட்டும் மழையில் நூடுல்ஸ் கடை, ஆகஸ்டில் வியர்க்க வியர்க்க மலை ஏறியது...

"அப்ப, ஏப்ரல்லேருந்து நீ..."

"நானாத்தான் வர்றேன். யாராவது கையைப் பிடிச்சு இழுத்துட்டா வந்தாங்க?"

அவ்வளவுதான். நோபுயுகி அழுதான். திமிங்கலத்துக்குப் பக்கத்தில், அத்தனை பேர் நடுவில், மூக்கு ஒழுக அழுதான். பணிப்பெண் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வாண்டு மட்டும் திரும்பவில்லை.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று கொயோமி அவன் சட்டைக் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். கேட்க வந்த கேள்வியை அவன் கேட்கவே இல்லை. அதற்கான பதிலைத்தான் அவள் மாதாமாதம் ரயிலேறிக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாளே.

கைக்குட்டையை நீட்டியபடி அவள் சொன்னாள். "இனிமே ஞாயித்துக்கிழமைல ஸ்கூல் பேண்டு வாத்தியப் பயிற்சி இருக்குப்பா. சனிக்கிழமை வரட்டுமா? உங்களுக்கு ஆபீஸ் உண்டா?"

"இல்ல" என்றான் நோபுயுகி.

உண்டு.