மர எண்ணெய் பூசிய இரும்பு

துப்பாக்கி பழுது பார்ப்பவருக்குக் குழல்காரர் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. பெயர் மட்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் முதலில் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். கொடுத்தவர் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

அப்பேர்ப்பட்ட மனிதர், வேட்டைக்குத் தடை வந்து பட்டறையில் ஈ ஓட்டும்படி ஆனபோது, கைக்குழந்தையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கப்பலின் இயந்திர அறை வேலைக்குப் போனார். இடையிடையே விடுமுறைக்கு வந்தவர், வீட்டின் பின்னாலேயே இருந்த பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பார்த்தால் மனசு தாங்காதாம். குழந்தையை விட்டுப் போக மட்டும் மனசு எப்படித் தாங்கியது என்று அவர் மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது தடை நீங்கிவிட்டது. வேட்டைக்காரர் ஒருவர் வாசலில் துப்பாக்கியோடு வந்து நின்று, அதை வைத்துவிட்டும் போய்விட்டார். ஆனால் பட்டறையைத் திறப்பதா, மறுபடி கப்பல் ஏறுவதா என்பது ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. குழலுக்குள் விட்டு அளவு பார்க்கும் எஃகு உருளைகள் அதில் இருந்தன. இளவயதில் அவரே இழைத்து இழைத்துச் செய்தவை. மேலே ஒரு புள்ளி துரு விழுந்தாலும் போச்சு. துருவைத் தேய்த்து எடுத்தால் அளவும் சேர்ந்து போய்விடும். புதிதாகச் செய்ய அந்தக் கண்ணும் கையும் இப்போது அவருக்கு இல்லை. உருளைகள் கெட்டிருந்தால் வந்துவிடுகிறேன் என்று கேப்டனிடம் சொல்லி வைத்திருந்தார். துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

அந்தத் தெருவின் கடற்காற்று ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்றுவிடும். அதனால்தான் போகும்போது மனைவியிடம் "எண்ணெய் மட்டும் விடாம பூசிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். அலமாரியில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. இரும்புக்கு, கிராம்பு எண்ணெய் கலந்த மெல்லிய எண்ணெய். துப்பாக்கியின் மரப்பிடிக்கு, ஆளிவிதை எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் காய்ந்தால் பிசினாக இறுகும். துப்பாக்கியின் உள்பொறியில் பட்டால் விசையே அசையாது. எனவே அதை இரும்பின் பக்கத்தில் வைப்பதுகூடப் பாவம் என்று நினைக்கிற ஜாதி அவர். இதையெல்லாம் மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பெட்டியைத் திறந்தார். உள்ளே உருளைகள் இல்லை. தடித்துப்போன பழுப்புக் கட்டிகள் வரிசையாகக் கிடந்தன. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?" மனைவி கதவருகே வந்து நின்றாள்.

அவர் முகர்ந்து பார்த்தார். கிராம்பு வாசம் துளியும் இல்லை. "எதைப் பூசின?"

"எண்ணெயைத்தான்."

"எந்த எண்ணெயை?"

அவள் ஆளிவிதை பாட்டிலைக் காட்டினாள்.

"அது மரத்துக்குப் பூசறது! இரும்புல போய் இதையா அப்புவாங்க? என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!"

"உங்க எண்ணெய் ஒரு மழைக்குக்கூட நிக்கலை. வடிஞ்சு பெட்டி அடியில போய்ச் சேர்ந்துடுச்சு. பட்டறையில கிடந்த ஒரு அரத்துல துருப்புள்ளி வேற விழுந்துச்சு. அப்புறம்தான் இதைப் பூசிப் பார்த்தேன், இது நின்னுச்சு. காத்துல ஈரம் ஏறினப்போ எல்லாம் மேல மேல பூசிட்டே இருந்தேன்."

அவர் கேப்டனிடம் பேசக் கைப்பேசியை எடுத்தார்.

"சுரண்டிப் பார்த்துட்டு அப்புறம் கத்துங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. ஆனால் அவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார்.

ஓர் உருளையை விளக்குச் சூட்டில் காட்டி, மரச்சில்லால் விளிம்பில் நெம்பினார். பழுப்புத் தோல் லேசாக விட்டுக்கொடுத்தது. இன்னும் கொஞ்சம் நெம்பியதும் ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருளாகக் கழன்று வந்தது. அடியில் தெரிந்ததை விளக்குக்கு நேரே பிடித்தார். எஃகு. அவர் கடைசியாகத் துடைத்து வைத்த அன்றைக்கு இருந்த அதே எஃகு. ஒரு கீறல் இல்லை, புள்ளி இல்லை. அதில் தன் முகம் தெரிந்தது, முகத்துக்குத்தான் வயதாகியிருந்தது.

ஒட்டியிருந்த மிச்சத்தைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, வேட்டைக்காரரின் துப்பாக்கிக் குழலுக்குள் உருளையை விட்டார். அது விழவில்லை, சிக்கவும் இல்லை. உள்ளே இருந்த காற்றை மெதுவாகத் தள்ளிக்கொண்டு, சின்னப் பெருமூச்சோடு இறங்கியது. எத்தனையோ கடல்களைப் பார்த்துவிட்ட மனிதருக்கு அந்த ஒன்றரை முழக் குழலை விட்டுக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

கழன்ற தோலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தேன் நிறத்தில் அடுக்கு அடுக்காக இருந்தது. அதன் அடி அடுக்கு ஒன்றில், தூசி படிந்து, ஒரு மிகச் சின்ன விரல் ரேகை.

"இது யாரு?"

"வேற யாரு, உங்க பொண்ணுதான். காயறதுக்குள்ள வந்து தொட்டுடுவா. அப்ப அவளுக்கு நடைகூட சரியா வரலை."

இன்னொரு உருளையை எடுத்தார். அதன் நடு அடுக்கில் அதே விரல் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. மற்றொன்றின் மேல் அடுக்கில் இன்னும் பெரிதாக. இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கும் அந்தப் பெண்ணின் கை, இந்த அளவுகளில் இருந்தபோது அவர் பிடித்த நினைவே இல்லை. அளவு பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர், மகள் வளர்ந்த அளவை உருளையின் மேல் பார்த்தார்.

பிறகு உருளைகளைத் திரும்பப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார். சுரண்டக் கை வரவில்லை. "இது இப்படியே இருக்கட்டும்," என்றார்.

அவள் வந்து பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, மேசைமேல் வைத்து, மறுபடி திறந்தாள்.

"சுரண்டுங்க," என்றாள். "கை வேணும்னா அவ சாயங்காலம் வருவா, பிடிச்சுப் பாருங்க."