எட்டடி மெஷின்

கோகுல்ராஜ் ஒரு ஜோடி செருப்பு வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள். அப்படிப்பட்டவன் தலையில் பிலாட்டீஸ் ரிஃபார்மர் வாங்குகிற வேலை விழுந்தால் என்ன ஆகும்? இருபது நாளாக அவனுக்குச் சரியான தூக்கமில்லை.

பெயர்தான் வாயில் நுழையவில்லையே தவிர சாமான் புரிந்துவிட்டது. கட்டில் போல எட்டடி நீளத்தில் ஒரு சட்டம், அதற்குள் முன்னும் பின்னும் உருளுகிற மெத்தைப் பலகை, அதை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங்குகள், கை காலை மாட்டிக்கொள்ளக் கயிறுகள். படுத்தபடியே உதைத்து இழுத்தால் சோர்ந்து கிடக்கிற இடுப்புத் தசைக்கு உயிர் வரும் என்று வேலூரில் பிசியோதெரபி பார்க்கும் ஜெயசுதா மேடம் சொல்லியிருந்தார். அந்த உயிர் அவன் மனைவி பிரியதர்ஷினிக்கு வர வேண்டும். ஆறு மாதத்துக்குள் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வாக்கரைப் பிடித்தபடியே காலம் தள்ள வேண்டியதுதான். அதில் நாலு மாதம் ஓடிவிட்டது. வாரம் இரண்டு தடவை வேலூர் போய்ச் செய்கிற பயிற்சியை, ஏறி இறங்குகிற மலைப்பாதை வளைவுகள் கெடுத்துக்கொண்டே இருந்தன. அதனால்தான் மெஷினை வீட்டுக்கே கொண்டுவரும் யோசனை.

அவள் விழுந்து இடுப்பில் அடிபட்டதும் அந்த வளைவுகளில் ஒன்றில்தான். பைக்கை ஓட்டியவன் கோகுல்ராஜ். பின்னால் உட்கார்ந்திருந்தவள் விழுந்தது, வண்டி இருபது அடி தாண்டிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அதுதான் அவனைத் தின்றது.

கடையில் இரண்டு மாடல் இருந்தன. ஒன்று நடுவில் மடிகிற இரும்புச் சட்டம். இரண்டு பெட்டியில் அடங்கிவிடும். இன்னொன்று மடியாத மரச்சட்டம். கடைக்காரர் மடிகிறதைத்தான் புகழ்ந்து தள்ளினார். கோகுல்ராஜ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டிலும் படுத்துப் பார்த்தான். ஓங்கி உதைத்தபோது மடிகிற மாடல் கீல் இருக்கிற இடத்தில் ஆடியது. லேசாகத்தான். ஆனாலும் அவன் மறுபடி உதைக்கவில்லை. ஆடுகிற எதன் மேலும் இனி அவளை ஏற்றுவதில்லை என்று படுத்த நிலையிலேயே முடிவு செய்தான்.

மலைப் பனியில் ஸ்பிரிங் துருப்பிடிக்குமா என்று நாலு முறை கேட்டான். வீட்டில் அறையின் நீளத்தை ஐந்து தடவை அளந்திருந்தான், வாசலின் அகலத்தையும் அளந்திருந்தான். புளி விற்ற பணம் கையில் இருந்ததால் விலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. கவலைப்பட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. அவன் யோசிக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். சாலையிலிருந்து வீட்டுக்குப் போவது கல்லும் மேடுமான ஒற்றையடிப் பாதை. அதில் வண்டி ஏறாது.

மத்தியானம் வேன்காரர்கள் மெஷினைச் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். பிரித்தால் கேரண்டி கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். போளூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தூக்குவதற்காகக் கோகுல்ராஜுக்குச் சித்தப்பா முறையான சடையன் இரண்டு பையன்களோடு வந்திருந்தார். அவனையும் சேர்த்தால் நாலு பேர். மூவரும் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் கோகுல்ராஜும் அதை அவர்கள் கண்ணால் பார்த்தான். நீளமான மரச்சட்டம். கீறல் விழாமலிருக்க மேலே சுற்றிய வெள்ளை உறை. குறுக்கே வரிசையாகக் கட்டிய கயிறு. தூக்க நாலு பேர். மலையில் இப்படி ஒன்று தோளில் ஏறினால் அது எங்கே போகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"கோகுலு, தப்பா நெனைக்காத," என்றார் சடையன். "பொண்ணு ஒடம்பு முடியாம கெடக்கற வூடு. இத்தத் தோள்ல வெச்சினு அவ வாசலுக்கு நான் வரமாட்டேன்."

கோகுல்ராஜ் உறையைக் கிழிக்கலாம் என்றான், கயிற்றை அவிழ்க்கலாம் என்றான். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை, ஆனால் அது நடுரோட்டில் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியதற்கு இதையா கொண்டுவந்து சேர்த்தோம் என்று நினைத்தான். முதல் தூறல் உறைமேல் விழுந்தது.

மேலே வாசலிலிருந்து பார்த்தால் சாலை நன்றாகத் தெரியும். நாலு ஆண்கள் ஒரு சாமானைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பிரியதர்ஷினியும் பார்த்திருக்கிறாள். மலையில் பிறந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாக்கரின் இரும்புக் கால் கல்லில் தட்டுகிற சத்தம் கேட்டுக் கோகுல்ராஜ் நிமிர்ந்தபோது, அவள் பாதையில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தாள். நாலு மாதமாக யாராவது தூக்காமல் வாசலைத் தாண்டாதவள். அவன் ஓடினான்.

"தொடாதீங்க," என்றாள். மீதிப் பாதையையும் இறங்கி வந்து, மெஷினை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"இன்னா மாமா, பாடை மாரி இருக்குதுன்னுதானே நிக்கறீங்க?" என்று சடையனைக் கேட்டாள். "நான் முன்னால நடக்கறேன். நீங்க பின்னால தூக்கினு வாங்க. பாடைக்கி முன்னால அந்தப் பொணமே நடந்து போய் எங்கனா பார்த்திருக்கீங்களா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, மேடு பார்த்துத் திரும்பிவிட்டாள். சடையன் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்தார்.

முன்பக்கத்தில் கோகுல்ராஜும் சடையனும், பின்னால் பையன்கள். அவள் வாக்கரைத் தூக்கி வைத்து ஓர் அடி எடுத்தால் இவர்களும் ஓர் அடி. அவள் மூச்சு வாங்க நின்றால் அத்தனை கனத்தோடு இவர்களும் நின்றார்கள். சடையனின் கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் சீக்கிரம் போ என்று அவர் சொல்லவில்லை. ஒரு வழுக்குப் பாறையில் அவள் இடது கால் நழுவியது. கோகுல்ராஜின் தோளில் மெஷின், விட்டுவிட்டு ஓடவும் முடியாது. அவள் வாக்கரை இறுக்கிப் பிடித்து நின்றாள். பிறகு அடுத்த அடியை வைத்தாள்.

மழை வலுத்துக் கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. கோகுல்ராஜ் கண்ணைச் சிமிட்டாமல் அவள் குதிகால்களையே பார்த்துக்கொண்டு ஏறினான். இந்தத் தடவை அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.