டோங்காக்காரரின் ஜெபம்

சமோவாவுக்குப் போய் ஒரே ஒரு சொந்தக்காரரைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்த முதல் சமோவாக்காரன் என்று வரலாற்றில் தன் பெயர் நிற்கும் என்பதில் ஃபெரெட்டிக்குச் சந்தேகமே இல்லை. நிலவில் கால் வைத்தவர்களாவது பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், இதை இன்னும் ஒருவரும் செய்யவில்லை என்று ஆக்லாந்து பஸ் டிப்போவின் தேநீர் அறையில் நின்று அவன் அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

முக்கியமாக மலாக்கி சிரிக்கவில்லை. மலாக்கியும் சமோவாக்காரன்தான், அதே டிப்போவில் ஓட்டுநர். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போவான். போகும்போது டின் மாட்டுக்கறியைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு போவான், வரும்போது போட்டிருக்கும் சட்டையோடு வருவான். ஒரு வருடம் செருப்பைக்கூட யாரோ சித்தப்பா நன்றாக இருக்கிறதே என்று சொல்லி வாங்கிக்கொண்டுவிட்டார். நீ போறது லீவுக்கா, வெள்ள நிவாரணத்துக்கா என்று ஃபெரெட்டி அவனைக் கேட்காத கிறிஸ்துமஸ் இல்லை. ஒரே கூரையின் கீழ் ஊரே பாய் விரித்துப் படுத்திருக்க, நடுவில் இவன். ஒன்றுக்குப் போக எழுந்தால் எங்கே, ஏன், வயிறு சரியில்லையா என்று நாலு பக்கமும் விசாரணை. இதற்குப் பேர் விடுமுறையா? தான் கடலோர ஹோட்டலில் தனி அறை போட்டிருப்பதாகவும், தன்னை அங்கே ஒருவரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்றும் ஃபெரெட்டி சொன்னான்.

அது அப்படியே பலித்தது.

முதல் நாள் காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் பணியாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒருத்தர்தானா? ஆமாம் என்றான். பணியாள் எதிர் நாற்காலிக்கு முன்னால் இருந்த கோப்பையை எடுத்தான், முள்கரண்டியை எடுத்தான், கத்தியை எடுத்தான், கடைசியாக மடித்து வைத்திருந்த துணியையும் எடுத்தான். வராத ஒருவரை இத்தனை மரியாதையோடு அப்புறப்படுத்த முடியும் என்று ஃபெரெட்டிக்கு அதுவரை தெரியாது. மறுநாளும் அதே சடங்கு நடந்தது. மூன்றாம் நாள் அறைச் சுவரில் இருந்த பல்லியிடம் அவன் வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தான். பல்லி மாற்றுக் கருத்து எதுவும் சொல்லாததால் அந்தப் பேச்சும் நீளவில்லை.

டிப்போவில் அவன் சொல்லாத ஒன்று இருந்தது. அம்மா போனது எல்லைகளெல்லாம் மூடிக் கிடந்த வருடத்தில். ஊரிலிருந்து யாராலும் வர முடியவில்லை. அவர்கள் வீடியோவில் பார்க்கச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போனை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் ஒரு காதும் பாதி மின்விசிறியும் அப்படியே உறைந்து நின்றன, பாட்டுச் சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஊர் எண்ணைக் கூப்பிட்டால் வேறு யாரோ எடுத்தார்கள். அம்மா இருந்தவரை அவன் சினாலெய்யின் மகன். இனி அந்த வாசலில் போய் நின்று, நான்தான் என்று சொல்லி, அவர்கள் யாரு என்று கேட்டுவிட்டால்? யாரையும் பார்க்காமல் திரும்புவதைச் சாதனையாக்கிவிட்டால் அந்தக் கேள்வியை யாரும் கேட்க வேண்டியதில்லை. அவன் கணக்கு அவ்வளவுதான்.

நான்காம் நாள், மனிதக் குரல் கேட்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, வரவேற்பறையில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துப் பெயர் கொடுத்தான். உங்கள் கையாலேயே சாக்லேட் செய்யுங்கள், அரை நாள், ஏப்ரன் இலவசம். அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆக்லாந்து வீட்டுச் சமையலறையில், புகை அலாரத்துக்குக் குளியல் தொப்பி மாட்டிவிட்டு, ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு இதே கொக்கோவைத்தான் வறுப்பாள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர்கள் தீயணைப்பு வண்டியையே கூப்பிட்டுவிட்டார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு கோப்பை குடித்துவிட்டுப் போனார்கள். அதை இப்போது காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளப் போவதை நினைத்து ஃபெரெட்டிக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது. இதைவிடச் சுத்தமான சுற்றுலாப் பயணியாக ஒருவன் இருக்க முடியாது.

வகுப்பு மலையடிவாரத்தில், சுவரில்லாத ஒரு பெரிய கூடத்தில். சொல்லித்தருபவள் பெயர் மோயலாங்கி. முப்பத்தைந்து வயதிருக்கும், காதில் பூ, குரலில் பள்ளிக்கூட மணி. ஃபெரெட்டியைத் தவிர வந்திருந்தவர்கள் கேவின், ரேலீன் என்ற ஒரு ஆஸ்திரேலிய ஜோடி. டப்போ ஊரில் டிராக்டர் உதிரிபாகம் விற்பவர்கள். கல்யாணமாகி எத்தனை வருடம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

எல்லாரும் எங்கிருந்து வருகிறார்கள் என்று மோயலாங்கி கேட்டாள். ஃபெரெட்டி ஆக்லாந்து என்றான். அதுக்கு முன்னாடி என்றாள். ஆக்லாந்து என்றான். அவள் அவன் மூக்கையும் கெண்டைக்காலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்று விட்டுவிட்டாள்.

விதைகளைத் தகரத்தில் கொட்டி வறுத்தார்கள். தோல் கறுத்து வெடித்ததும் வாழை இலையில் பரப்பி உரிக்கச் சொன்னாள். கேவின் ஒரு விதையைத் தொட்டுவிட்டு, வாகனம் பழுதானவனைப் போல இடுப்பில் கைவைத்து நின்றான். ரேலீன் ஊதி ஊதி ஒன்றை உரித்து முடிப்பதற்குள், ஃபெரெட்டி முன்னால் ஒரு சின்னக் குவியல் சேர்ந்திருந்தது. கை தானாக ஓடியதை அவன் கவனிக்கவே இல்லை. கவனித்தபோது, சுட்டுவிட்டது போல இரண்டு முறை கையை உதறினான். கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

இடிப்பதற்கு உரல் கொடுத்தார்கள். ஜோடிக்கு ஒன்று. ஒருவர் இடிக்க வேண்டும், இன்னொருவர் ஓரத்தில் ஏறுவதைக் கரண்டியால் வழித்து நடுவில் தள்ள வேண்டும். கேவின் இடித்தான், ரேலீன் வழித்தாள், இடையிடையே விரல் போச்சு என்று ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். ஃபெரெட்டி நாலு இடி இடித்து, உலக்கையைச் சாய்த்துவிட்டு, கரண்டியை எடுத்து வழித்து, கரண்டியை வைத்துவிட்டு, மறுபடி உலக்கையை எடுத்தான். அதற்குள் ஓரத்தில் இருந்தது இறுகிவிடும். அவர்கள் உரலில் மினுமினுவென்று எண்ணெய் விட்டுக் குழம்பு திரண்டபோது, இவன் உரலில் ஆற்று மணல் மாதிரி ஏதோ இருந்தது. ஹோட்டல் பணியாள் அப்புறப்படுத்திய அந்த ஆள் இங்கேயும் வராமல் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

இன்னொரு கரண்டி கிடைத்தால் தேவலை என்று எழுந்தான். வழியில் கேவினும் ரேலீனும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருப்பவர்களின் முன்னால் நிமிர்ந்து நடப்பதா? முதுகு அவனைக் கேட்காமலேயே வளைந்தது, ஒரு கை தரையை நோக்கித் தாழ்ந்தது, வாய் மெதுவாக "துலோ" என்றது. அவன் எதையோ கீழே போட்டுவிட்டான் என்று நினைத்து ரேலீனும் தரையைத் தேடினாள்.

மோயலாங்கி தான் இடித்துக்கொண்டிருந்த உலக்கையை நிறுத்தினாள்.

"ஆக்லாந்துல எல்லாரும் இப்படித்தான் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டு நடப்பாங்களா?"

"நான் டோங்கா," என்றான் ஃபெரெட்டி.

சமோவாக்காரன் ஒருவன் தன் வாயால் தன்னை, பக்கத்துத் தீவு நாட்டுப் பரம எதிரியான டோங்காக்காரன் என்று சொல்லிக்கொள்வதற்கு ரக்பி தெரிந்த உலகத்தில் இன்னும் தண்டனை எழுதப்படவில்லை. யாரும் செய்ய மாட்டார்கள் என்று எழுதாமல் விட்டிருக்க வேண்டும். ஆனால் பொய் என்ற அளவில் அது கச்சிதமாக இருந்தது. அங்கேயும் இதே சொல், இதே முதுகு.

"அதான் பார்த்தேன்," என்றாள் மோயலாங்கி. "போன மேட்ச்ல வாங்கின அடில இன்னும் நிமிரலையாக்கும்."

ஃபெரெட்டியின் ரத்தம் கொதித்தது. அந்த மேட்சில் அடித்த பக்கம் அவனுடையது, அது அவனுக்கு நிமிடவாரியாகத் தெரியும். டோங்காக்காரனாகத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவள் அவனை விடவில்லை. டோங்காக்காரரே, உலக்கைய அப்படிப் பிடிக்கக் கூடாது, அது பந்து இல்ல. டோங்காக்காரரே, உங்க ராஜாவுக்குக் கொஞ்சம் பார்சல் கட்டவா? கேவினுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் சிரித்தான். ஃபெரெட்டிக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, இந்த நான்கு நாளில் தன்னை யாரோ வம்புக்கு இழுப்பது இதுதான் முதல் தடவை என்பதும் தெரிந்தது.

குழம்பைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றி இறுக வைத்தார்கள். மிஞ்சியதைக் கொதிக்கும் தண்ணீரில் கரைத்து, சர்க்கரை அள்ளிப் போட்டு, ஆளுக்கொரு கிண்ணம் நிறைய வைத்தாள். கேவின் கிண்ணத்தைத் தூக்கப் போனான். மோயலாங்கி விரலை உயர்த்தினாள். ஜெபம் பண்ணாமல் இங்கே யாரும் வாயில் எதையும் வைப்பதில்லை என்றாள். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், இன்னிக்கு நம்ம டோங்காக்காரர் பண்ணட்டும் என்றாள்.

எல்லாரும் கண்ணை மூடிவிட்டார்கள். இனி மறுக்க ஆள் இல்லை.

ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏதாவது சொல்லித் தப்பிக்கத்தான் நினைத்தான். ஆனால் ஆங்கிலத்தில் அவனுக்கு ஜெபம் எதுவும் இல்லை. டோங்கா மொழியில் சுத்தமாக இல்லை. தனியாகச் சாப்பிடுகிறவன் தட்டின் முன்னால் எதற்குக் கண்ணை மூடுவான்? இரண்டு வருடமாக மூடியதில்லை. இப்போது மூடினான். அம்மாவின் ஜெபம் அவளுடைய சமோவா மொழியில் கிளம்பிவிட்டது. பரலோகத்தில் இருக்கிற தகப்பனே, இந்த உணவுக்காக நன்றி, ஆக்கிய கைகளுக்காக நன்றி. அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை. அவன் கேட்டு வளர்ந்த ஜெபத்தில் அதற்குப் பிறகு ஒரே மூச்சில் ஒரு நீண்ட சொல் வரும், அது முடிந்தால்தான் ஆமென். அந்த நீண்ட சொல் சாப்பாடு ஆறுவதற்காக வைத்தது என்றே சின்ன வயதில் நினைத்திருந்தான். இப்போது அவசரப்படுத்த யாரும் இல்லாமல் மெதுவாகச் சொன்னபோது, அது உடைந்து மனிதர்களாகப் பிரிந்தது. சலேயாஃபு ஊரில் இருக்கும் வீட்டைக் காத்தருளும். திரேசாவின் இடது காலைச் சுகப்படுத்தும். வாவாவின் குடியை நிறுத்தும், நிறுத்த முடியாவிட்டால் குறைக்கவாவது செய்யும். படகில் கடலுக்குப் போகிற லெமானாவைத் திரும்பக் கொண்டுவாரும். சின்னவள் சிசிக்கு ஒரு நல்ல மாப்பிள்ளையைக் காட்டும், அவன் பாடகர் குழுவில் இருப்பவனாக இருக்கட்டும். இவர்களையெல்லாம் நான் பார்க்கும்வரை உயிரோடு வைத்திரும், ஆமென்.

கண்ணைத் திறந்தான். மோயலாங்கி இன்னும் திறக்கவில்லை.

கேவின் மரியாதையாகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, என்ன சொன்னார் என்று கேட்டான். கொக்கோ நல்லா இருக்கணும்னு சொன்னார் என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலேயே. அவ்வளவு நேரமா என்று ரேலீன் ஆச்சரியப்பட்டாள்.

"டோங்கா பாஷை," என்றாள் மோயலாங்கி. "எனக்கே பாதிதான் புரிஞ்சுது."

டப்போ ஜோடி கிண்ணத்தின் அடியில் தங்கிய கொக்கோத் துகளை வேண்டாத மண்டி என்று நினைத்து வைத்துவிட்டார்கள். ஃபெரெட்டி சமோவா வழக்கப்படி கடைசித் துகள்வரை வாயில் போட்டு மென்றான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர்கள் இருவரும் கோழியைப் படம் எடுக்கப் போனபிறகு, உரல்களைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் தேய்த்தாள், அவன் தண்ணீர் ஊற்றினான். இதற்கு மட்டும் இரண்டு ஆள் சரியாக இருந்தார்கள்.

"திரேசா யாரு?" என்று சமோவா மொழியில் கேட்டாள்.

"தெரியாது."

"தெரியாதவங்க காலுக்கா இவ்வளவு நேரம் ஜெபம் பண்ணின?"

"அம்மா சொல்றது. தானா வந்துருச்சு."

"அம்மா எங்க?"

அவன் தண்ணீர் ஊற்றினான். அவள் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு உரலைத் திருப்பினாள்.

"அப்போ திரேசா காலுக்காக ஜெபம் பண்ண அங்க இப்ப உன்னை விட்டா ஒருத்தரும் இல்ல," என்றாள். "சலேயாஃபுவுக்குக் காலையில சந்தைலேருந்து பஸ் இருக்கு."

"அவங்களுக்கு என்னைத் தெரியாதுங்க."

"அதை அவங்க சொல்லட்டும். நீ எதுக்கு அவங்க வேலையையும் சேர்த்துச் செய்யற? சுத்தமான டோங்கா புத்தி."

அன்று ராத்திரி பல்லி சுவரில் இல்லை. காலையில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போன ஃபெரெட்டி, பணியாள் எதிர்க் கோப்பையில் கை வைப்பதைப் பார்த்தான். சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டான்.

சந்தைக்கு எதிர்க்கடையில் டின் மாட்டுக்கறி ஒரு பெட்டி கேட்டான். ஒரு வீட்டுக்கா, ரெண்டு வீட்டுக்கா என்று கடைக்காரி கேட்டாள். இதில் அவனுக்கு அனுபவம் இல்லை. யோசித்துவிட்டு இரண்டு பெட்டியாகக் கொடுக்கச் சொன்னான்.

பஸ்ஸில் எல்லா இருக்கைகளும் நிறைந்து, பிறகு எல்லா மடிகளும் நிறைந்துகொண்டு வந்தன. பனியன் போட்ட ஒரு பெரிய மனிதர் ஏறி, ஃபெரெட்டியின் மடியில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். அவற்றை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் தான் உட்கார்ந்தார். சமோவா பஸ்ஸில் அது வழக்கம். பஸ் கிளம்பியது, ரேடியோவில் பாட்டுச் சத்தம் கூடியது.

"எந்த ஊரு?" என்றார் மடியில் இருந்தவர், திரும்பாமலே.

"சலேயாஃபு."

"சலேயாஃபுவா? யாரு மகன்?"

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

"சினாலெய் மகன்."

மடியில் இருந்தவர் யோசித்தார். தெரியவில்லை போல. கழுத்தைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்து, சினாலெய் மகனாம், சலேயாஃபு என்று சத்தம் போட்டார். பின்வரிசை அதற்குப் பின்வரிசையிடம் சொன்னது. பாட்டுக்கு மேலே அம்மாவின் பெயர் ஒவ்வொரு வாயாக பஸ்ஸின் கடைசியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஃபெரெட்டி திரும்பிப் பார்க்காமல், பெட்டிகள் நகர்ந்துவிடாதபடி இரண்டு காலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.